ஜெயில்ல ரெண்டு முயல்: தமிழ்ல குரல் குடுக்கலாமா, சும்மா விட்டுரலாமா?

கொழிஞ்சாம்பாறைவாசி
ஞாயிறு, காலை 7.40

வணக்கமுங்க. இத்தனை நாளா ஓரமா நின்னு படிச்சுட்டுப் போறவன் நான். இழை ஆரம்பிக்கறது இதுதான் முதல் தடவை. நீண்டு போனாப் பொறுத்துக்கங்க.

ஊரு பேரு மேலயே இருக்குது. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலூக்கா. வீட்டுல தமிழ், சந்தையில தமிழ், ரேஷன் கார்டுல மலையாளம். எங்க வாயனசாலையில, அதாவது ஊர்ப் படிப்பகத்துல, மாசத்துல ரெண்டு சனிக்கிழமை சுவத்துல வெள்ளை வேட்டியைக் கட்டிப் பசங்களுக்குப் படம் போடறோம். 30, 35 உருப்படி வரும். பாதி தமிழ் மீடியம், பாதி மலையாள மீடியம். தலைவலியே இங்கதான். தமிழ்ப் படம் போட்டா அந்தப் பக்கம் கசமுசா, மலையாளம் போட்டா இந்தப் பக்கம் கசமுசா.

நேத்து 'உசாவிச்' போட்டோம். ஜப்பான்காரங்க பண்ணுனது. கனபான் கிராஃபிக்ஸ்னு ஒரு கம்பெனி, தோமியோக்கா சத்தோஷிங்கறவரு உருவாக்குனது, 2006ல எம்டிவி ஜப்பான்ல வந்தது. ஒரு பாகம் 90 நொடிதான். டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுரும். சோவியத் காலத்து ஜெயில், ஒரே அறை, ரெண்டு முயல். பச்சைக் கோடு போட்ட சட்டைக்காரன் பேரு புதின். வெகுளி. சந்தோஷம் வந்தா உக்காந்து எந்திரிச்சு அந்த ரஷ்யக் கொசாக் ஆட்டம் ஆடுவான். சிவப்புக் கோட்டுக்காரன் கிரெனெங்கோ. சிரிக்க மாட்டான், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், ஸ்னீக்கர் ஷூன்னா மட்டும் உசுரு. அவனுக்குக் கோவம் வந்துச்சுன்னா ஜெயிலே தாங்காது. கூட ஒரு தவளை, ஒரு கோழிக்குஞ்சு. கதவுல இருக்கற சின்னப் பொந்து வழியா எட்டிப் பார்த்துப் பார்த்து அடி வாங்கற ஒரு வார்டர்.

இதுல வசனமே கிடையாது. உறுமல், முனகல், 'ம்'. பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணா.

இப்பப் பிரச்சனை என்னன்னா, என் கூட்டாளி ஒருத்தன் கோயில் நோம்பிக்கு மிமிக்ரி பண்றவன். முதல் சீசன் 13 பாகத்துக்கும் கொங்குத் தமிழ்ல குரல் குடுக்கறேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறான். எனக்கு மனசு ஒப்பலை. ஏன் ஒப்பலைன்னு சொல்லவும் தெரியலை. நீங்க சொல்லுங்க.

மிமிக்ரி_வேலந்தாவளம்
ஞாயிறு, காலை 8.05

அந்தக் கூட்டாளி நாந்தானுங்க.

சும்மா முனகிட்டிருக்கற ஒரு படத்துல என்ன சொகம் இருக்குது? வார்டர் பொந்து வழியா எட்டிப் பார்த்து "ஏனுங் மொசலு, சோறு உண்டாச்சுங்ளா?"ன்னு கேட்டா எப்பிடி இருக்கும்! கிரெனெங்கோவுக்கு எங்க அப்புச்சி குரல் வச்சிருக்கேன். அவரும் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான். அதுல மூணு "அக்கட்டால போ".

வார்டர் பேரும் மாத்தியாச்சு. அவன் ஒரிஜினல் பேரு கன்ஷுகோவ். ஜப்பான் பாஷையில 'கன்ஷு'ன்னாவே ஜெயில் வார்டர்தானாம். அதும் பின்னாடி ஒரு 'கோவ்' ஒட்டி ரஷ்யாக்காரன் ஆக்கிட்டாங்க. படத்து பேரும் அதே கணக்குத்தான்: உசாகின்னா முயல், வாலுக்கு ஒரு 'விச்'. அவங்களே இவ்வளவு விளையாடியிருக்கறப்ப நாம விளையாடுனா என்ன தப்பு? நம்ம வார்டர் பேரு ஏட்டுகோவ். படம் முயலோவிச்.

நகரி_தறிக்காரன்
ஞாயிறு, காலை 9.30

ஏட்டுகோவ்! காலையிலயே டீயைத் துப்ப வச்சிட்டீங்க.

நாங்க நகரி பக்கம். ஆந்திரா. தறி ஓடுற வீட்டுல பேசுறது யாருக்கும் கேக்காது, அதனால இந்த மாதிரி ஊமைப் படம் எங்களுக்கு ரொம்ப தோது. ஆனா டப்பிங் பண்ணணும்னா எங்க ஊர் தெலுங்குல இருக்கிற ஜெயில் பேச்சையும் கொஞ்சம் கடன் வாங்கிக்கோங்க. தமிழ்ல 'களி திங்கப் போறான்'னு சொல்றோம் இல்ல, தெலுங்குல 'சிப்பகூடு'. சிப்பன்னா தட்டு, கூடுன்னா சோறு. அதைவிட அருமையா ஒண்ணு இருக்கு: ஜெயிலுக்கு 'ஸ்ரீகிருஷ்ண ஜென்மஸ்தானம்'னு பேரு. கிருஷ்ணர் பொறந்தது சிறையிலதானே. யாராவது உள்ள போயிட்டா, "எங்க உங்க அண்ணன் காணோம்?"னு கேட்டா "ஸ்ரீகிருஷ்ண ஜென்மஸ்தானத்துல இருக்கார்"னு பவ்யமா சொல்லுவாங்க. கேக்கிறவன் கைகூப்பிடணும் போல இருக்கும்.

நம்ம மாமியார் வீடு இதுகிட்ட நிக்க முடியாது.

கொழிஞ்சாம்பாறைவாசி
ஞாயிறு, காலை 9.52

இங்க மலையாளத்துல 'கோதம்புண்டை'. கோதுமை உருண்டை. "நீ கோதம்புண்டை தின்னும்"னா உள்ள போவேன்னு அர்த்தம். இப்ப கேரளா ஜெயில்ல கைதிங்க சப்பாத்தி போட்டு வெளிய விக்கறாங்க, ஒரு சப்பாத்தி 2 ரூபாய்னு ஆரம்பிச்சப்ப எங்க வீட்டுலயே வாங்கியிருக்கோம். பழமொழிதான் இன்னும் உருண்டையிலயே நிக்குது.

இன்னொண்ணு கவனிச்சேன். தமிழ்ல கம்பி எண்றது. மலையாளத்துல அழி எண்றது. தெலுங்குல?

நகரி_தறிக்காரன்
ஞாயிறு, காலை 10.01

ஊசலு லெக்கபெட்டடம். அதேதான், கம்பி எண்ணுறது. மூணு பாஷைக்காரனும் உள்ள போனா ஒரே வேலைதான் பார்க்கிறான்.

லயத்துப்பிள்ளை
ஞாயிறு, மதியம் 1.15

நான் தேவிகுளம் பக்கம் எஸ்டேட்ல பிறந்தவன். இப்ப வேலைக்கு வேற ஊர்ல இருக்கேன். மிமிக்ரி அண்ணன் கோவிச்சுக்கக் கூடாது, நான் குரல் வேண்டாம்ங்கிற கட்சி.

லயம் தெரியும்தானே? வரிசையா ஒட்டின வீடுக. எங்களுக்கு ஒரு அறை, பின்னால ஒண்ட ஒரு அடுப்படி. தாத்தா, அப்பா, அம்மா, நாங்க மூணு பேரு. ராத்திரி ஆனா அம்மா குறுக்க ஒரு போர்வையைக் கட்டும், அதுதான் சுவரு. அப்படிப்பட்ட அறையில மனுசங்க நிறையப் பேசுவாங்கன்னு நீங்க நினைப்பீங்க. கிடையாது. பேச்சு ரொம்பக் குறைச்சல். ஏன்னா பேசினா ஆறு பேருக்கும் கேக்கும், பக்கத்து வீட்டுக்கும் கேக்கும். எங்கப்பாவுக்குக் கோவம்னா கட்டன் சாயா குடிச்ச டம்ளரைக் கீழ வைக்கிற சத்தத்துல தெரிஞ்சுக்குவோம். மெதுவா வச்சார்னா வெளிய போய் விளையாடலாம். 'டக்'னு வச்சார்னா புத்தகத்தை எடுக்கணும். சத்தமே இல்லாம வச்சார்னா அம்மா எங்களைக் கூட்டிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிரும்.

உசாவிச்சை நான் காலேஜ் ஹாஸ்டல்ல பார்த்தேன். அந்தச் சிவப்பு முயல் தரையில உக்காந்து ஷூ படத்தைப் பார்த்துட்டே இருக்கும். பச்சை முயல் அவன் மூஞ்சியையே ஓரக்கண்ணால பார்க்கும். இப்ப என்ன நடக்கப் போகுதோன்னு. எல்லாரும் அடிதடி வர்ற இடத்துல சிரிச்சாங்க. நான் அதுக்கு முந்தி, அந்த ஓரக்கண்ணுலயே சிரிச்சுட்டேன். அது நாந்தான். டம்ளர் சத்தத்துக்குக் காத்திருந்த நான்.

அதுல போய் வசனம் வச்சீங்கன்னா, அவன் எதைக் கவனிக்கிறான்னு நமக்குத் தெரியாமப் போயிரும். பேச்சைக் கேப்போம், பார்க்க மாட்டோம்.

மிமிக்ரி_வேலந்தாவளம்
ஞாயிறு, மதியம் 1.40

தம்பி, மனசைத் தொட்டுட்டீங்க. ஆனா உங்களுக்குப் பிடிச்சது உங்க அப்பா ஞாபகம். ஏழு வயசுப் பையனுக்கு அது எப்பிடித் தெரியும்? அவனுக்கு "அக்கட்டால போ" வேணுமுங்க.

ராத்திரி_லாரி
ஞாயிறு, இரவு 11.20

கோபாலபுரம் செக்போஸ்ட்ல வரிசையில நிக்கிறேன். நேரம் இருக்கு, அதனால ஒரு வார்த்தை.

நான் ஓட்டறது கோழி வண்டி. பல்லடத்துப் பக்கம் ஏத்தி, விடியறதுக்குள்ள பாலக்காடு திருச்சூர்ல இறக்கறது. ஜெயில்ல மிருகம்னா எனக்கு 2000ல வந்த 'சிக்கன் ரன்' ஞாபகம் வருது. ஆர்ட்மேன் கம்பெனி, களிமண் பொம்மை வச்சுப் பண்ணுனது. கோழிப்பண்ணையை யுத்தக் கைதி முகாம் மாதிரி வச்சிருப்பாங்க, முள்வேலி, கொட்டகை வரிசை, எல்லாம். முட்டை போடாத கோழிக்கு வெட்டு. அப்புறம் கோழிக்கறியை மாவுக்குள்ள வச்சுப் 'பை'ங்கற பலகாரம் பண்ற மிஷின் ஒண்ணு வரும். இந்தக் கோழிங்க எல்லாம் சேர்ந்து தப்பிக்கத் திட்டம் போடும். நல்ல படம். போன்ல முழுசாப் பார்த்தேன், பின்னால கூண்டு கூண்டா வச்சுக்கிட்டே.

ஆனா ஒண்ணு சொல்றேன். போன வருசம் ஒரு வளைவுல கட்டின கயிறு அறுந்து ரெண்டு கூண்டு கீழ விழுந்து தொறந்துக்கிச்சு. 15, 20 கோழி ரோட்டுல. ரெண்டு பக்கமும் சோளக்காடு. ஓடிப்போச்சுன்னா யாரு புடிக்கிறது? ஒண்ணு ஓடணுமே. அப்படியே நின்னுச்சு. வெயில் ஏறினதும் எல்லாம் நடந்து வந்து லாரி நிழல்ல ஒண்டிக்கிச்சு. நானும் கிளீனரும் ஒவ்வொண்ணாத் தூக்கி உள்ள வச்சோம். கிட்டத்தட்ட 40 நாள்தான் அதுங்க ஆயுசே. அந்த 40 நாள்ல வெளியங்கிறதை அது கண்டதே இல்லை, எதுக்கு ஓடும்?

சிரிப்புப் படத்துக்கு நடுவுல இதைச் சொன்னதுக்கு மன்னிக்கணும். வரிசை நகருது.

வாத்தியார்_ஆரியங்காவு
திங்கள், காலை 6.10

ஐயா லாரி அன்பரே, மன்னிப்பு எதற்கு? இதைவிட நல்ல பதிவு இந்த இழையில் இல்லை.

ஓய்வு பெற்றவன் நான். தமிழ் ஆசிரியராக இருந்த தோஷத்தால் கொஞ்சம் பழங்கதை பேசுவேன். மிருகத்தைச் சிறையில் வைத்துக் கதை சொல்வது நமக்குப் புதிதல்ல. பஞ்சதந்திரத்தில் வலையில் சிக்கிய புறாக் கூட்டம் என்ன செய்தது? வலையோடு சேர்ந்து பறந்து, எலி நண்பனின் வளைக்குப் போய் இறங்கியது. எலி முதலில் அரசப் புறாவின் கட்டைக் கடிக்க வந்தபோது, 'முதலில் என் கூட்டத்தாரை விடுவி' என்றது புறா. அங்கே சிறை ஒரு பாடம். உசாவிச்சில் பாடமே இல்லை. பேத்தி காட்டித்தான் பார்த்தேன். அந்த இரண்டு முயலும் ஒன்றுக்கொன்று உதவி செய்துகொள்வதுகூட பெரும்பாலும் தற்செயல். எனக்கு அதுதான் பிடித்தது. பிள்ளைகளுக்கு எதைக் காட்டினாலும் கடைசியில் நீதி கேட்கும் பழக்கத்தை நாங்கள்தான், ஆசிரியர்கள்தான், ஏற்படுத்தினோம்.

குரல் பற்றிய வழக்குக்கு வருகிறேன். ஜப்பானில் மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வதற்கென்றே ஆள் உண்டு. 'பென்ஷி' என்று பெயர். படத்தில் நடித்தவரைவிடப் பென்ஷிக்காகக் கூட்டம் வந்த நாளும் உண்டு. நம் பக்கத்தில் 1905இல் சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கொட்டகை போட்டபோது ஓடியதும் பேசாத படம்தான். ஆகவே பதிவு செய்து ஒட்ட வேண்டாம். மிமிக்ரி நண்பர் வேட்டித் திரைக்குப் பக்கத்தில் நின்று நேரில் பேசட்டும். பதிவு செய்து ஒட்டினால் உரிமைச் சிக்கலும் வரும்.

சேவல்_மருமகன்
திங்கள், காலை 8.45

கோழி, ஜெயில் ரெண்டும் வந்துருச்சு. இனி நான் வாயை மூடிட்டு இருந்தா பாவம்.

எங்க மாமன் சேவக்கட்டுக்காரரு, சேவல் சண்டை விடறவரு. தப்புதான், 1960ஆம் வருசத்து மிருகவதைச் சட்டம் எனக்கும் தெரியும், யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். எல்லையோரம் ஒரு தென்னந்தோப்புல கட்டு நடந்துச்சு. போலீஸ் ஜீப் வந்துச்சு. நம்மாளுங்க கெட்டிக்காரனுங்க, ரெண்டு வரப்பு தாண்டினா தமிழ்நாடு, ஒரே ஓட்டம். மாமனும் தாண்டிட்டாரு. தாண்டிட்டு நின்னு திரும்பிப் பார்த்திருக்காரு. அவரோட மயில் சேவல் தென்னமரத்துல கட்டுனது கட்டுனபடி நின்னிருக்குது. திரும்பி வந்தாரு. புடிச்சுட்டாங்க.

சாயந்தரமே மாமனுக்கு ஸ்டேசன் ஜாமீன். சேவலுக்குக் கிடையாது. மலையாளத்துல தொண்டிமுதல்ங்கறாங்க, கேஸ்ல புடிச்ச பொருளு. கோர்ட்டு சொல்ற வரைக்கும் விடக்கூடாது. மொத்தம் 7 சேவல். ஸ்டேசனுக்குப் பின்னால ஒண்ணுக்கொண்ணு எட்டாத மாதிரி தூரந்தூரமாக் கட்டி வச்சிருந்தாங்க. எட்டுனா அங்கயே கட்டு ஆரம்பிச்சுருமே! அப்பறம் அது சட்டவிரோதம், யாரை யாரு புடிக்கறது?

மாமன் தினமும் கம்பு நனைச்சு ஒரு துண்டுல முடிஞ்சுக்கிட்டுப் போவாரு. வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் உள்ள போகணும், மனு போட்டு ஆளைப் பார்க்கற மாதிரியே. ஏழு சேவலும் விடியக்காலை மூணரைக்குக் கூவ ஆரம்பிக்கும். நைட் டூட்டி பார்த்த போலீஸ்காரரு நாலாம் நாளு மாமன்கிட்ட, "சேட்டா, இதினெ ஒண்ணு மிண்டாதிருத்தான் வழியுண்டோ?"ன்னு கேட்டாராம். வாயை மூட வைக்க வழி இருக்குதான்னு. கைதிகிட்ட போலீஸ்காரன் கெஞ்சுனது அன்னைக்குத்தான்.

எட்டாம் நாளு ஏலம். மாமன் முன்னால வரக் கூச்சப்பட்டு என்னைக் கேக்க விட்டாரு. எதிர்ல யாரு? கறிக்கடைக்காரரு. அவரு எடை போட்டுக் கேக்கறாரு, நான் உசுரைப் போட்டுக் கேக்கறேன். 2,300 ரூபாய்க்கு எடுத்தேன். எங்க சேவலை நாங்களே வாங்குனதுக்கு ரசீது இன்னும் பீரோவுல இருக்குது.

நகரி_தறிக்காரன்
திங்கள், காலை 9.02

சேவல் எதிரி நம்பர் எத்தனை?

சேவல்_மருமகன்
திங்கள், காலை 9.06

எதிரி இல்லைங்க, பொருளு. அதுதான் கொடுமை. எதிரின்னா சாயந்தரமே வெளிய வந்திருக்கும்.

லயத்துப்பிள்ளை
திங்கள், இரவு 8.30

சிரிச்சு முடிச்சுட்டு யோசிச்சேன். இந்த மாதிரி தொடர்ல மனுசனை வச்சா முதல் கேள்வி, என்ன குத்தம் பண்ணினான்? கொலையா, திருட்டா, பொய்க் கேசா? அதுக்குப் பதில் தெரியாம நம்மால சிரிக்க முடியாது. முயலை வச்சா அந்தக் கேள்வியே எழாது. உள்ள இருக்கான், அவ்வளவுதான். நேரா அறைக்குள்ள நடக்கிறதைப் பார்க்க ஆரம்பிச்சிடறோம்.

எங்க சின்னக்கானல் காட்டானை அரிக்கொம்பனுக்கும் அதேதான். ரேஷன் கடை அரிசி தின்னதுதான் அவன் மேல கேஸ். 2023 ஏப்ரல் 29ஆம் தேதி மயக்க ஊசி போட்டு, நாலு கும்கி சுத்தி நின்னு லாரியில ஏத்தி, கழுத்துல ரேடியோ காலர் கட்டிப் பெரியார் காட்டுல விட்டாங்க. ஒரு மாசம்கூட ஆகலை, மே கடைசியில கம்பம் டவுனுக்குள்ள நடந்து வந்தான். கேரளாவுல புடிச்சவனை ஜூன் 5ஆம் தேதி தமிழ்நாட்டுல மறுபடி புடிச்சுக் களக்காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டாங்க. எங்க ஆளுங்க ரெண்டு கட்சி. அவன் இடிச்ச வீட்டுக்காரங்களுக்கு அவன் பேரைக் கேட்டாலே ஆகாது. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, நான் அந்த லயத்துல இருந்தவன். ஆனா லாரி போறப்ப மழையில நின்னு அழுதவங்களும் அதே லயத்துக்காரங்கதான்.

கொழிஞ்சாம்பாறைவாசி
திங்கள், இரவு 9.15

எங்க பக்கத்துல சின்னத்தம்பின்னு ஒரு காட்டானை. 2019 ஜனவரியில கோயமுத்தூர் தடாகத்துல புடிச்சு டாப்சிலிப் காட்டுல விட்டாங்க. நடந்தே உடுமலைக்கு வந்து கரும்புக்காட்டுல நின்னான். பிப்ரவரியில மறுபடி புடிச்சு வரகளியாறு கரால்ல போட்டாங்க. கரால்னா பெரிய பெரிய மரத்தை அடுக்கிக் கட்டுன கூண்டு, மலையாளத்துல கூடுன்னே சொல்லிருவாங்க. இப்ப சின்னத்தம்பியே கும்கி. மத்த காட்டானையைப் புடிக்கக் கூட்டிட்டுப் போறாங்க. கைதியா உள்ள போயி வார்டரா வெளிய வந்தவன்.

மிமிக்ரிக்காரா, இவனுக்கு என்ன குரல் குடுப்பே?

மிமிக்ரி_வேலந்தாவளம்
திங்கள், இரவு 9.50

அவனுக்கு நான் குடுக்க மாட்டேன்.

சனிக்கிழமைக்கு வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி நேர்லயே பேசறேன். முடிஞ்சாப் பார்க்கலாம்.

மட்டுறுத்துநர்
செவ்வாய், காலை 10.00

சேவல் கட்டு எங்கே நடக்கிறது என்று விசாரித்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இழை முயல்களைப் பற்றியது.

கொழிஞ்சாம்பாறைவாசி
அடுத்த ஞாயிறு, காலை 8.20

நேத்து நடந்ததைச் சொல்லிடறேன்.

முதல்ல ஒரு சங்கதி. எங்க வாயனசாலை செக்ரட்டரி பழைய சகாவு, கம்யூனிஸ்ட் தோழரு. அலமாரியில ஒரு தட்டு முழுக்கச் சோவியத்துல இருந்து தமிழ்லயும் மலையாளத்துலயும் வந்த பிள்ளைங்க புத்தகம், அட்டை கிழியாம வச்சிருக்காரு. முயல் சோவியத் ஜெயில்ல இருக்குதுன்னு யாரோ அவரு காதுல போட்டுட்டாங்க. வந்தாரு. கடைசி பெஞ்சுல கையைக் கட்டிட்டு உக்காந்தாரு. சிவப்புக் கோட்டுக்காரன் யாரு, பச்சைக் கோட்டுக்காரன் யாருன்னு விசாரிச்சாரு. கேரளாவுல இதெல்லாம் சாதாரணக் கேள்வி இல்லீங்க. சிவப்புக்காரன்தான் ஜெயிக்கறான்னு சொன்னேன். சரின்னுட்டாரு.

அஞ்சு பாகம் நம்மாளு மைக் புடிச்சாரு. பொய் சொல்ல மாட்டேன், பிரமாதமாப் பேசுனாரு. ஏட்டுகோவ் வந்தப்பெல்லாம் கைதட்டல். ஆனா மூணாவது பாகத்துல ஒண்ணு கவனிச்சேன். பசங்க யாரும் சுவத்தைப் பார்க்கலை. எல்லாத் தலையும் இவரு பக்கம் திரும்பியிருக்குது. மலையாள மீடியம் பசங்க மட்டும் சுவத்தைப் பார்த்துட்டு, எதுக்கு இவங்க சிரிக்கறாங்கன்னு நடுநடுவுல இந்தப் பக்கம் பார்க்கறாங்க. போன தடவை ஒண்ணாச் சிரிச்ச கூட்டம் இது.

ஆறாவது பாகத்துக்கு மைக்கை வச்சுட்டாரு. தானாவே வச்சாரு, நான் சொல்லலை.

அப்பறம்தான் கூத்து. வார்டர் பொந்து வழியா எட்டிப் பார்த்து என்னமோ உறுமுனான். முன்வரிசையில ஒரு பையன், "சோறு வந்துருச்சுங்கறான்"னான். பக்கத்துல இருந்த பாப்பா, "இல்லா, மிண்டாதிரிக்கடா என்னா பறஞ்ஞது"ன்னா. பேசாம இருடான்னு சொன்னானாம். இவன் இல்லைங்கறான், அவ ஆமாங்கறா. இவன் தமிழ்ல, அவ மலையாளத்துல. மறுபடி போடுங்கன்னு ரெண்டு பேரும் என்னைக் கத்துனாங்க. அந்த 90 நொடியை நாலு தடவை போட்டேன். நாலாவது தடவை பாதிக் கூட்டம் சோறு, பாதிக் கூட்டம் மிண்டாதிரி. சகாவு கடைசி பெஞ்சுல இருந்து எந்திரிச்சு, "ரண்டும் அல்லா, அயாள்க்கு டூட்டி கழிஞ்ஞு"ன்னாரு. டூட்டி முடிஞ்சுதாம்.

கடைசியில ஒரு பொடிசு என் வேட்டியைப் புடிச்சு இழுத்து, "மாமா, அந்த மொசலு என்ன தப்புப் பண்ணுச்சு?"ன்னு கேட்டுச்சு. லயத்துப்பிள்ளை தம்பி, யாரும் கேக்க மாட்டாங்கன்னீங்களே. தெரியலை கண்ணுன்னேன். வீட்டுக்குப் போறப்ப அவங்கம்மாகிட்டயும் அதையே கேட்டுட்டுப் போச்சு.

லயத்துப்பிள்ளை
ஞாயிறு, காலை 9.10

தோத்துட்டேன். பொடிசுகிட்டதான், உங்ககிட்ட இல்லை.

மிமிக்ரி_வேலந்தாவளம்
ஞாயிறு, காலை 9.25

நான் தோத்துட்டேன்னு யாரும் நினைக்க வேண்டாமுங்க. ரெண்டாவது சீசன்ல இவனுங்க ஜெயில்ல இருந்து தப்பிச்சுக் கார்ல ஓடறானுங்க, போலீஸ் தொரத்துது. கார் சத்தம், பிரேக் சத்தம் நான் வாயாலயே குடுப்பேன். அதுக்கு எந்தப் பாஷையும் வேண்டாமில்ல?

வாத்தியார்_ஆரியங்காவு
ஞாயிறு, காலை 11.40

சகாவின் கருத்தை நான் வழிமொழிகிறேன். இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். அந்த உறுமல் பணி முடிந்தவனுடையதுதான்.

ராத்திரி_லாரி
ஞாயிறு, மாலை 5.05

அடுத்த சனி எத்தனை மணிக்கு? அன்னைக்கு எனக்கு லோடு இல்லை.

கொழிஞ்சாம்பாறைவாசி
ஞாயிறு, மாலை 5.30

அடுத்ததுக்கு அடுத்த சனிங்க, ஆறரைக்கு. வாங்க, பசங்களோட உக்காருங்க.

சேவல்_மருமகன்
ஞாயிறு, மாலை 6.15

நானும் மாமனும் வர்றோம். மாமன் சேவலையும் எடுத்துட்டு வரலாமான்னு கேக்கறாரு. ஸ்டேசன்ல இருந்து வந்ததுல இருந்து அது தனியா இருக்க மாட்டேங்குது. பொழுது சாஞ்சா யாரும் புடிக்காமலே தானாப் போயி கொடாப்புக் கூடைக்குள்ள உக்காந்துக்குது, மாமன் பக்கத்துல கட்டிலைப் போட்டாத்தான் கண்ணை மூடுது.

கொழிஞ்சாம்பாறைவாசி
ஞாயிறு, மாலை 6.22

கட்டிப் போட்டு வைக்கறதுன்னா வேண்டாம். மடியில வச்சுக்கறதுன்னா வரச் சொல்லுங்க.